குண்டசாலையில் எனக்குத் தமிழ் தெரியாது

என் சித்தி மகன் ஒருவன் ஜப்பானில் ஏதோ ஒரு மலையோரக் கிராமத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருக்கிறான். ஜப்பான் மொழி கொஞ்சம் படித்துக்கொண்டுதான் போனான். போன முதல் நாளே பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்களாம், பிள்ளைகள் முன்னால் ஜப்பான் மொழியில் வாயைத் திறக்கக் கூடாது, தெரியாத மாதிரியே இருக்க வேண்டும் என்று. அப்போதுதான் பிள்ளைகள் வேறு வழியில்லாமல் இங்கிலீஷ் பேசுமாம். அவன் போனில் இதைச் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தெரிந்ததைத் தெரியாது என்று நடிக்கச் சம்பளமா என்று கேட்டேன். "நீ ஒரு தடவ வெளிநாட்டுல வேலை பாத்துட்டுப் பேசுக்கா" என்றான்.

நான் ஜப்பானுக்குப் போகவில்லை. கண்டிக்குப் போனேன்.

கோவில்பட்டியில் நான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிவிட்டார்கள். ஐம்பதை நெருங்கும் பொம்பளைக்கு வேறு பள்ளிக்கூடம் எதுவும் கதவைத் திறக்கவில்லை. கண்டிப் பக்கம் குண்டசாலையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்கு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியை வேண்டுமாம், ஒரு தவணை, அதாவது மூன்று மாதம், வேலை பார்க்கலாம், பிடித்துப்போனால் அடுத்த வருஷமும் தொடரலாம் என்று தெரிந்தவர் மூலம் தகவல் வந்தது. நான் எந்த ஊரில் வெளிநாட்டுக்காரி என்று அதுவரை யோசித்ததே இல்லை. பெட்டியைக் கட்டினேன்.

பள்ளிக்கூடத்தின் சொந்தக்காரருக்குக் கண்டி டவுனில் துணிக்கடை. அறைக் கதவில் டைரக்டர் என்று பித்தளையில் போட்டிருந்தார். வாட்ச்மேன் முதல் பிரின்சிபல் வரை எல்லோரும் முதலாளி என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய தாத்தா எட்டயபுரம் பக்கத்திலிருந்து போனவர். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் எட்டயபுரம் வந்துவிடும். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"ஒரு விஷயம். உங்களுக்குத் தமிழ் தெரியும்னு இங்க யாருக்கும் தெரியக் கூடாது."

"ஏன், தமிழ் என்ன தொத்து வியாதியா?"

"கோவப்படாதீங்க தங்கச்சி. தமிழ் தெரிஞ்ச இந்தியாக்காரின்னா இங்க யாரும் வெளிநாடுன்னு ஒத்துக்க மாட்டாங்க. தமிழ் தெரியாத இந்தியாக்காரின்னாத்தான் வெளிநாடு."

"என் மூஞ்சியப் பாத்தா தெரியாதா?"

"மூஞ்சிய யாரு பாக்குறா? பேரத்தான் பாப்பாங்க."

என் பேர் முத்துமாரி. அவர் முத்துவைத் தூக்கிப் போட்டுவிட்டு மாரியை மேரி ஆக்கினார். பிறந்தது டெல்லி, வளர்ந்தது துபாய். பள்ளிக்கூட விளம்பரத்தாளில் ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்தார். நான் அந்த இரண்டு ஊரையும் பார்த்ததில்லை. வேலை வேண்டும். தலையை ஆட்டினேன்.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் எனக்கு, கதிரை என்று அவர்கள் சொல்லும் நாற்காலி ஒன்றும் பாதி அலுமாரியும் கொடுத்தார்கள். மறு பாதி சரோஜாவுடையது. சரோஜாதான் அங்கே இங்கிலீஷ் டீச்சர். முப்பத்தைந்து வயதிருக்கும். மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவள். எனக்கு எதிர் மேசையில் பவானி, யாழ்ப்பாணத்துக்காரி, விஞ்ஞானம் எடுப்பவள்.

மத்தியானம் சரோஜா தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள். எங்கள் ஊர்ப் பரோட்டா மாதிரி இல்லை. தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து சுட்ட தடி ரொட்டி, கூடவே சிவப்பாக ஒரு சம்பல். அதில் சின்னதாக ஒரு கொச்சிக்காய் முழுசாகக் கிடந்தது. காரத்தில் எங்கள் ஊரை யாரும் மிஞ்ச முடியாது என்ற திமிரில் கடித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "அடி ஆத்தி" என்று வந்துவிட்டது. உடனே இருமி மழுப்பினேன். பவானி தண்ணீர் போத்தலைத் தள்ளினாள். சரோஜா ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை.

வகுப்பு நடக்கும் விதம் இதுதான். சரோஜா பாடம் நடத்துவாள். இலக்கணத்தைத் தமிழில் ஒரு தடவையும் சிங்களத்தில் ஒரு தடவையும் சொல்லுவாள். பிள்ளைகள் குழம்பினால் இரண்டையும் கலந்து மூன்றாவது தடவையும் சொல்லுவாள். பிறகு என் பக்கம் கையைக் காட்டுவாள். நான் அந்த வாக்கியத்தை வாசிப்பேன். பிள்ளைகள் திரும்பச் சொல்லும். மணியடித்ததும் கிளம்புவோம். டேப் ரெக்கார்டருக்குச் சேலை கட்டினால் அதுதான் நான். சம்பளம் மட்டும் அவளைவிட எனக்கு அதிகம். பள்ளிக்கூடத்து வாசலில் பெரிய பேனரில் என் படம்தான் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

மழை என்றால் அப்படி ஒரு மழை. கோவில்பட்டியில் வானம் கறுத்தாலே பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிடுவார்கள். கண்டியில் மழைக்கு லீவு என்று வைத்தால் ஒரு பிள்ளையும் பாஸாகாது. துவைத்துப் போட்ட சேலை காயவே இல்லை. கடைசியில் மினுமினுப்பான பாலியஸ்டர் சேலை ஒன்றையே மாற்றி மாற்றிக் கட்டினேன். அதைப் பார்த்து ஒரு நாள் சரோஜா பவானியிடம் தமிழில் சொன்னாள்.

"இந்தச் சேலைய எங்க வாங்கினாங்களோ. கண்டி ஹோட்டல்கள்ல ஜன்னலுக்குப் போடுற திரைச்சீலை மாதிரி இருக்கு."

"கொஞ்சம் மெதுவாக் கதையும்."

"எதுக்கு மெதுவா? அவங்களுக்குத்தான் தமிழ் தெரியாதே."

நான் சிரித்த முகத்தோடு பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தினேன். உள்ளே கொதித்தது. திருத்திய கொப்பிகளை வாய்க்குள்ளேயே எண்ணி அடுக்கினேன்.

சனிக்கிழமை டவுனுக்குப் போனேன். ஏரியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் எழுதப் போவதில்லை. ஸ்டேஷன் பக்கம் ஒரு த்ரீவீல்காரர் என்னைப் பார்த்ததும் "அக்கா, கோயிலுக்கா? வாங்க" என்றார். அச்சு அசல் எங்கள் ஊர்ப் பேச்சு. மனசு குளிர்ந்தது. ஆனால் பின்னாலேயே எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று அம்மாவோடு நின்றது. நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன். அவர் முகம் மாறியது, வாடகையும் மாறியது. வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லும் வாடகையை எனக்குச் சொன்னார். கொடுத்துவிட்டு ஏறினேன். வழி முழுக்க அவர் போனில் யாரிடமோ, "நம்ம ஆளுங்க மாதிரிதான்டா இருக்கு, வாயத் தொறந்தா இங்கிலீஷ்தான், என்னா பவுசு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல முடியவில்லை. வாடகையைவிட அதுதான் அதிகம் வலித்தது.

ஆனால் ஊமையாக இருந்தால் நிறையக் காது கேட்கும். இரண்டாவது வாரமே ஸ்டாஃப் ரூமில் அந்தப் பேச்சு வந்துவிட்டது.

"ஜனவரியிலிருந்து எனக்கு வேலை இல்ல பவானி. முழுக்க வெளிநாட்டு மிஸ்ஸே எடுப்பாங்களாம். முதலாளி பிரின்சிபல்கிட்ட சொல்லிட்டார்."

"ஓம், நானும் கேள்விப்பட்டனான். உவவுக்குத் தெரியுமோ?"

"அவங்களுக்கு என்னா தெரியும்? தெரிஞ்சாலும் அவங்க என்னா செய்யப்போறாங்க?"

எதிரே உட்கார்ந்து மாலு பான் தின்றுகொண்டிருந்தேன். மீன் வைத்த பன். பாதியில் கீழே வைத்தேன். இந்தப் பேச்சு ஒரு நாளோடு முடியவில்லை. நான் வாயில் எதையாவது வைக்கும் நேரம் பார்த்துத் தினமும் வந்தது. பஸ் காசுக்கு என்ன செய்வது, எந்தப் பள்ளிக்கூடம் எடுக்கும், தோட்டத்துப் பிள்ளை என்றால் டவுனில் இங்கிலீஷ் டீச்சராக யார் எடுப்பார்கள். ரொட்டியில் பாதி மட்டும் ஒரு நாளும் தவறாமல் என் தட்டுக்கு வந்தது.

முதலாளியிடம் போய்க் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டுத்தான்.

"சரோஜாவ நிப்பாட்டப் போறீங்களாமே?"

"யாரு சொன்னா?"

"எனக்குத்தான் தமிழ் தெரியாதே. யாரு சொன்னா என்ன?"

"அவ நல்ல புள்ளதான். ஆனா தோட்டத்து வாடை அடிக்குது பேச்சுல. பெற்றோருக்குப் புடிக்காது. தவணை முடியுற பெற்றோர் கூட்டத்துல அறிவிக்கப் போறேன். நீங்க நல்லாப் பேசணும், என்ன?"

"உங்க தாத்தா எந்தத் தோட்டத்துக்கு வந்தாரு?"

"அது வேற காலம்" என்றார். பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார். அதில் சீனி மட்டும் தாராளமாக இருந்தது. அடுத்த வருஷமும் எனக்கு வேலை உறுதி என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே அந்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். ஊரில் எனக்காக எந்த வேலையும் காத்திருக்கவில்லை.

தீபாவளிக்குச் சரோஜா வீட்டுக்குக் கூப்பிட்டாள். வத்தேகமவில் பஸ் மாறினோம். சிங்களப் பாட்டு காதைப் பிளந்தது. கண்டக்டர் எங்களை முன்னால் தள்ளி, பின்னால் தள்ளி, கடைசியில் இஞ்சின் மூடி மேல் உட்காரவைத்தார். அடியில் நெருப்பு, ஜன்னல் வழியாகச் சாரல். மலையேற்றத்தில் ஒரு வளைவில் எதிரே லொறி வந்தது. எங்கள் பஸ் நின்று, பின்னோக்கி உருள ஆரம்பித்தது. பின்னால் பள்ளம். "ஏலே, பிரேக்கப் புடில" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். டிரைவர் பிடித்தார். நல்லவேளை, பாட்டுச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார், அவ்வளவுதான். சரோஜா ஜன்னலுக்கு வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவள் வீடு. வாசலில் கோலம், உள்ளே எண்ணெய் வாசம். என்னைக் கதிரையில் உட்காரவைத்து அவள் இங்கிலீஷில் விளக்கினாள்.

"இது தீபாவளி. விளக்குகளின் பண்டிகை. அதிகாலையில் நாங்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்போம்."

"அப்படியா, மிகவும் சுவையான தகவல்" என்றேன்.

"இது முறுக்கு. கடிக்கும்போது கவனம்."

முறுக்கைக் கையில் வாங்கி, முதல் தடவை பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் ஜென்மத்தில் அதைவிடக் கேவலமான வேலை செய்ததில்லை. அவளுடைய வீட்டுக்காரர் கணேசன், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. என்னையே உற்றுப் பார்த்தார்.

"இவங்களுக்கு நெசமாவே தமிழ் தெரியாதா? பாத்தா நம்ம மேல் லயத்து ராமாயி அக்கா மாதிரியே இருக்காங்க."

"சும்மா இருங்க. தெரியாதுன்னு முதலாளி சொல்லியிருக்கார். அப்ப தெரியாது."

"சரி, ஜனவரிக்கு அப்புறம் நீ என்னா செய்யப்போற?"

"கொழுந்து எடுக்கப் போகணும். இத்தன வருஷம் போர்டுல எழுதச் சோக்கட்டி புடிச்ச கை. கங்காணி என்னா சொல்லுவாரோ. அவருக்கும் இங்கிலீஷ்லயே பதில் சொல்றேன்."

கணேசன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி இங்கிலீஷில், "இன்னொரு முறுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாள். எடுத்துக்கொண்டேன்.

தவணைக் கடைசியில் பெற்றோர் கூட்டம் வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. குத்துவிளக்கு, மேசைமேல் தட்டுத் தட்டாக ரோல்ஸும் கட்லட்டும். முதலாளி கோட் போட்டிருந்தார். "அடுத்த வருஷத்துக்கு ஒரு பெரிய அறிவிப்பு இருக்கிறது, அதற்கு முன்னால் நமது வெளிநாட்டு ஆசிரியை பேசுவார்" என்று இங்கிலீஷில் சொல்லி மைக்கை என்னிடம் கொடுத்தார். சரோஜா கடைசி வரிசையில் சுவரோரம் நின்றாள். கையில் ரோல்ஸ் தட்டு. அன்றைக்குப் பரிமாறும் வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள்.

அந்தத் தட்டைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறியது. எழுதி வைத்திருந்த இங்கிலீஷ் பேச்சை மடித்து இடுப்பில் செருகினேன்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் தமிழ்ல பேசுறேன். உங்க பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தது நான் இல்ல. நான் வாசிச்சேன், பிள்ளைங்க திரும்பச் சொன்னாங்க, அவ்வளவுதான். சொல்லிக் குடுத்தது அந்தா தட்டோட நிக்கிறாங்களே, சரோஜா டீச்சர், அவங்க."

அடுத்து என் பேர், ஊர், டெல்லி, துபாய் எல்லாவற்றையும் போட்டு உடைக்க மூச்சை இழுத்தேன். முதலாளி பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினார். பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். துணி வியாபாரியை நான் சரியாக எடை போடவில்லை.

"பார்த்தீர்களா பெற்றோரே" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. "ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல் வந்தவர். மூன்றே மாதம். எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தே இவ்வளவு அழகாகக் கற்றுக்கொண்டார். மொழி கற்பிப்பதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது."

மண்டபம் கைதட்டியது. நிற்கவே இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. உண்மையைச் சொல்லி ஒரு மனுஷி அவமானப்படக்கூட இந்த ஆள் விடவில்லையே என்று இருந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் ஒன்று மட்டும் பிடிபட்டது. மைக்கைத் திருப்பிப் பிடுங்கினேன்.

"ஆமா. மூணே மாசம். எனக்குத் தமிழ் சொல்லிக் குடுத்ததும் சரோஜா டீச்சர்தான். அடுத்த வருஷமும் இங்கிலீஷ் முழுக்க அவங்கதான் எடுக்கப்போறாங்க. முதலாளி சொன்ன பெரிய அறிவிப்பு அதுதான். இல்லையா சார்?"

பெற்றோர் எல்லோரும் திரும்பிச் சரோஜாவைப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒருத்தர் எழுந்தே நின்று தட்டினார். முதலாளி என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கைதட்டும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை.

"அதேதான்" என்றார்.

டீ நேரத்தில் ஒரு முஸ்லிம் அம்மா கட்லட்டோடு என் பக்கத்தில் வந்தார்.

"நல்லாப் பேசினீங்க மிஸ். எங்களுக்குத் தெரியும். என்ட மகள் முதல் கிழமையே சொன்ன. கொப்பி எண்ணக்கொள நீங்க ஒண்ணு, ரெண்டுன்னு தமிழ்லதான் எண்ணுறீங்களாம்."

"அப்ப ஏன் கை தட்டினீங்க?"

"மச்சிமாரெல்லாம் வந்து ஈக்காங்க. மகளுக்குப் படிப்பிக்கிறது வெளிநாட்டு மிஸ்ஸுன்னு சொல்லித்தான் நான் பெருமையடிச்ச" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நானும் சரோஜாவும் ஒரே குடையில் நின்றோம். நான்தான் ஆரம்பித்தேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும்க்கா. கொச்சிக்காயக் கடிச்சிட்டு 'அடி ஆத்தி'ன்னீங்களே. டெல்லியில பொறந்தவங்க ஆத்தியவா கூப்புடுவாங்க?"

"பஸ்ல?"

"பஸ்ல கண்டக்டருக்கே தெரிஞ்சிருச்சு. அவரு சிங்களம்."

"பிறகு ஏன் ஒருத்தரும் கேக்கல?"

"நீங்க தெரியாதுன்னு இருக்கீங்க. நாங்க எப்படிக் கேக்குறது? மரியாதையா இருக்காதே."

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. "அப்போ தினம் சாப்பிடுற நேரத்துல, வேலை போகப்போகுது, வேலை போகப்போகுதுன்னு பவானிகிட்டச் சொன்னியே, அது?"

"பவானிக்கு எதுக்குச் சொல்லணும்? அவளுக்குத்தான் மொதல்லயே தெரியுமே. உங்களுக்குத்தான் சொன்னேன்."

"நீ இங்கிலீஷ் டீச்சர்தான? இங்கிலீஷ்ல நேரா என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"இங்கிலீஷ்ல சொன்னா அது கம்ப்ளைண்ட்டுக்கா. முதலாளி காதுக்குப் போயிரும். தமிழ்ல சொன்னா வெறும் பொலம்பல். பொலம்புறவள யாரும் வேலையிலருந்து தூக்க மாட்டாங்க." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "ஆனா ரொம்ப லேட்டாத்தான் உங்களுக்குக் காது கேட்டுச்சு."

நான் பேச்சை மாற்றி வேறு ஒன்று கேட்டேன்.

"என் சேலை திரைச்சீலை மாதிரி இருக்குன்னியே?"

"அதுவும் உங்களுக்குத்தான்" என்றாள்.

முதலாளி என்னைத் திட்டவில்லை. விசா முடியும்வரை மரியாதையாகவே நடத்தினார். அடுத்த வருஷம் பற்றிக் கேட்டபோது வருத்தமாகக் கையை விரித்தார். "நீங்களே யோசிங்க தங்கச்சி. இவ்வளவு நல்லாத் தமிழ் பேசுறவங்கள நான் எப்படி வெளிநாடுன்னு சொல்றது?" என்றார். பேனரில் என் படத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தார்கள். மழையில் அது பாதி உரிந்து என் ஒரு கண் மட்டும் எட்டிப் பார்த்தது.

கோவில்பட்டிக்குத் திரும்பி டியூஷன் ஆரம்பித்தேன். பொங்கல் கழிந்து ஒரு நாள் சரோஜா போன் செய்தாள்.

"புது வெளிநாட்டு மிஸ் வந்தாச்சுக்கா. நெசமான வெள்ளக்காரி. கடல்ல பலகை விட்டு வெளையாட வந்த புள்ள. ஏதோ குளிரு நாடு, பேரு வாயில நுழையல. முதலாளிக்குக் காலு தரையில நிக்கல. பேனரெல்லாம் புதுசு."

"உன் வேலை?" என்றேன்.

"அந்தப் புள்ளைக்கு இங்கிலீஷ் தெரியாதுக்கா. யெஸ், நோ, தேங்க் யூ, அவ்வளவுதான். தெனமும் பள்ளிக்கூடம் விட்டதும் கதவச் சாத்திக்கிட்டு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கச் சொல்லியிருக்கார். யாருக்கும் தெரியக் கூடாதாம். அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் என் வேலையில கை வைக்க மாட்டார்."

மெதுவாகச் சொல்லிக்கொடு என்றேன்.